குத்தகை நிலமும் ஊரைவிட்டுப் போனவர்களும்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சம்பா நடவு முடிந்து பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு நடக்கும் ஐப்பசி, கார்த்திகை நாள்களில், உழவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அப்போது எழும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் பயிரைப் பற்றியவை அல்ல. நிலம் யாருடையது, உழுபவர் யார், இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர்களும் உண்டு. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தொலைபேசியில் கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி விடைகளைத் தொகுத்திருக்கிறேன். ஏற்கெனவே வழக்கில் இருப்பவர்கள் இதை நம்பி எதுவும் செய்யாமல் தங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குத்தகை, வாரம், ஒத்தி, எல்லாம் ஒன்றுதானே சார்?

இல்லை. குத்தகை என்பது விளைந்தாலும் விளையாவிட்டாலும் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடிப்பது. அது நெல்லாகவும் இருக்கலாம், ரொக்கமாகவும் இருக்கலாம். வாரம் என்பது களத்தில் கண்டதைப் பங்கிட்டுக்கொள்வது. ஒத்தி அல்லது போக்கியம் என்பது முற்றிலும் வேறு வகை: நிலத்துக்காரர் ஒரு தொகையைக் கடனாக வாங்கிக்கொண்டு நிலத்தை ஒப்படைக்கிறார், பணத்தைத் திருப்பித் தரும்வரை கடன் கொடுத்தவர் பயிர் செய்து பலனை எடுத்துக்கொள்கிறார், வட்டி தனியாகக் கிடையாது.

டெல்டாவில் பேச்செல்லாம் ஏக்கரில் நடப்பதில்லை, மாவில்தான் நடக்கும். ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. குத்தகை மூட்டை பெரும்பாலும் 60 கிலோ. அரசு நெல் கொள்முதல் நிலையத்துச் சாக்கு 40 கிலோ. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் அப்பாவின் பழைய நோட்டைப் பார்த்துக் குழம்புவது முதலில் இந்த இடத்தில்தான்.

ஆட்கள் வேலை தேடி நகரத்துக்குப் போவதற்கும் குத்தகைக்கும் என்ன சம்பந்தம்?

ஊரைவிட்டுப் போகிறவர்கள் இரண்டு வகை. நிலம் உள்ளவர் போனால் குத்தகைக்கு வரும் நிலம் கூடுகிறது. நிலமில்லாத உழைப்பாளி போனால் குத்தகைக்கு எடுக்கக்கூடிய கைகள் குறைகின்றன, மீதியிருப்பவர்களின் கூலி ஏறுகிறது. இந்த இரண்டு ஓட்டங்களும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நடக்கின்றன. எது எந்தப் பருவத்தில் வலுவாக இருக்கிறதோ அதைப் பொறுத்தே அந்த ஊரின் குத்தகை அமைகிறது.

தமிழ்நாட்டில் இது சிறிய ஓட்டமும் அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் வாழ்ந்தவர்களின் பங்கு 1991இல் 34 விழுக்காடு, 2001இல் 44 விழுக்காடு, 2011இல் 48 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஊர்கள் பேரூராட்சிகளாக மாறியதும் இதில் அடக்கம் என்பதால் அத்தனை பேரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதாகக் கொள்ளக் கூடாது. அதே காலத்தில் நிலம் துண்டாகிக்கொண்டே வந்தது: 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரிச் சாகுபடிப் பரப்பு 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த இரண்டு ஏக்கரை வைத்துக் குடும்பம் நடத்த முடியாததால்தான் பலர் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். போன இடத்தில் அந்த இரண்டு ஏக்கரைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும் முடியவில்லை.

அப்படின்னா குத்தகை குறையணுமே? எங்க பக்கம் ஏறிக்கிட்டே போகுதே?

இரண்டும் உண்மை, அதுவும் ஒரே கிராமத்துக்குள். சாலையோரம், பம்புசெட் உள்ள, அறுவடை இயந்திரம் இறங்கி ஏறக்கூடிய நிலத்துக்குப் போட்டி இருக்கிறது. அதன் குத்தகை ஏறுகிறது. நான்கு வயல்களைத் தாண்டி உள்ளே போக வேண்டிய, கடைமடைத் தண்ணீரை நம்பிய நிலத்தைச் சும்மா பார்த்துக்கொள்ளுங்கள் என்றாலும் ஆள் கிடைப்பதில்லை.

முன்பு மண்ணின் வளம்தான் விலையைத் தீர்மானித்தது. இப்போது ஆள் இல்லாமல் பயிர் செய்ய முடியுமா என்பதே முதல் கேள்வி. நடவும் அறுவடையும் இயந்திரத்துக்கு மாறியபின், இயந்திரம் போகாத வயலின் வளத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஈரம் காயாத வயலில் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும். அதன் மணிநேர வாடகை கூடுதல். அந்த வாடகை வேறுபாட்டைக் குத்தகைக்காரர் குத்தகைப் பேச்சிலேயே கழித்துவிடுகிறார். எங்கள் ஊரில் ஒரே வாய்க்காலில், ஒரே மண்ணில், அடுத்தடுத்த இரண்டு வயல்களுக்கு வேறு வேறு குத்தகை பேசப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்; ஒன்றுக்கு மட்டும் வண்டிப்பாதை இருந்தது.

இப்போது குத்தகைக்கு எடுப்பவர்கள் யார்?

மூன்று வகையினரைப் பார்க்கிறேன். முதலாவது, நேற்றுவரை கூலிக்குப் போன குடும்பங்கள். மகன் வெளியூரிலிருந்து அனுப்பும் பணத்தைக் கொண்டு மூன்று மா, ஆறு மா எனப் பிடித்து நடுகிறார்கள். தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு வயலின் மேல் ஒரு பிடி கிடைத்தது பல இடங்களில் இப்படித்தான். இரண்டாவது, கொஞ்சம் சொந்த நிலமும் ஒரு டிராக்டரும் வைத்திருப்பவர்கள். வண்டிக்கு வேலை வேண்டும் என்பதற்காகவே பக்கத்து வயல்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது, இருபது முப்பது ஏக்கர் என்று சேர்த்துப் பிடிக்கும் பெரிய கை. சிறு உடைமையாளர் கொடுக்க, பெரிய உடைமையாளர் எடுக்கும் இந்தத் தலைகீழ்க் குத்தகை பஞ்சாபில் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுவது. டெல்டாவில் அது இன்னும் பொதுவழக்காகிவிடவில்லை.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இங்கிருந்து ஆட்கள் திருப்பூருக்குப் போக, மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குழுக்கள் இங்கே நாற்று நடுகின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, காலையில் இறங்கி மாலைக்குள் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் வரத் தொடங்கியபின் ஆளில்லை என்று கைவிட்ட சில வயல்களுக்கு மறுபடியும் குத்தகை பேசப்பட்டது.

வாரம் ஏன் மறைந்துகொண்டே போகிறது? அப்பா காலத்தில் எல்லாம் வாரம்தானே?

வாரத்துக்கு நிலத்துக்காரர் களத்துமேட்டில் நிற்க வேண்டும். கதிர் அடித்து, தூற்றி, மரக்காலால் அளக்கும்வரை அவரோ, அவருக்காக நிலத்தைக் கவனிக்கும் காரியக்காரரோ பார்த்துக்கொண்டிருந்தால்தான் பங்கு சரியாக வரும். அம்பத்தூரில் வேலை பார்ப்பவர் அதற்காக மூன்று நாள் விடுப்பு எடுக்க முடியாது. இப்போது இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்து நெல்லை டிரெய்லரில் கொட்டிவிடுகிறது. டிரெய்லர் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. பங்கு பிரிக்கக் களமே இல்லை.

ஆகவே தொலைவில் இருப்பவர் நிலையான தொகையைக் கேட்கிறார். அதனால் அவருக்குக் கண்காணிப்பு மிச்சமாகிறது. ஆனால் மழையாலும் வறட்சியாலும் வரும் இழப்பு முழுவதும் குத்தகைக்காரரின் தலையில் ஏறுகிறது. வாரத்தில் வெள்ளம் வந்தால் இருவருக்கும் இல்லை. ரொக்கக் குத்தகையில் வெள்ளம் வந்தாலும் தை மாதம் பணம் கேட்டுத் தொலைபேசி வரும். பெரும்பாலான நிலத்துக்காரர்கள் அழிவுகாலத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள்தான். ஆனாலும் அது அவர்களுடைய தயவாகவே இருக்கிறது, பேச்சின் நிபந்தனையாக இருப்பதில்லை. குத்தகை பேசும்போதே அழிவுகாலத்தில் எவ்வளவு தள்ளுபடி என்பதையும் பேசி முடித்துவிடுங்கள் என்று இருதரப்புக்கும் சொல்வது என் வழக்கம்.

இப்படி ஊரைவிட்டுப் போய் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது இப்போது வந்த பழக்கமா?

தஞ்சை மண்ணில் இது மிகப் பழையது. அக்கிரகாரத்து நிலத்துக்காரர்கள் படிப்புக்கும் அரசு வேலைக்கும் சென்னை, பம்பாய் என்று போகத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே. நிலம் இங்கே, உடைமையாளர் அங்கே, நடுவில் காரியக்காரர் என்ற அமைப்பு அப்போதே வேரூன்றியது. குத்தகைக்காரர்களைப் பருவத்துக்குப் பருவம் வெளியேற்றியதும், பண்ணையாள்கள் பட்ட பாடும் பெரும் போராட்டங்களாக வெடித்தன. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் மாநிலம் தழுவிய சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும் அதன் விளைவாக வந்தவை. அதன்பின் பல நிலங்கள் குத்தகைக்காரர்களுக்கே விற்கப்பட்டன.

அந்த நினைவு இன்றும் ஊரில் இருக்கிறது. அன்று குத்தகைக்காரராக இருந்து நிலம் வாங்கியவரின் பேரன் இன்று துபாயில் இருந்துகொண்டு, எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று அஞ்சுகிறார். தன் தாத்தாவுக்கு நிலம் வந்த வழியை அவர் மறக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டப்படி எவ்வளவு குத்தகை வாங்கலாம்?

1956ஆம் ஆண்டுச் சட்டம் நன்செய்க்கு மொத்த விளைச்சலில் 40 விழுக்காடு என்றுதான் தொடங்கியது. பிற்காலத் திருத்தத்தில் அது 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நிலத்துக்காரருக்குக் கால் பங்கு, உழுபவருக்கு முக்கால் பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் சம்பாவில் 60 கிலோ மூட்டை முப்பது கண்டதாக வைத்துக்கொண்டால், 18 குவிண்டால். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக 45,000 ரூபாய். கால் பங்கு 11,250 ரூபாய், நெல்லாகச் சொன்னால் ஏழரை மூட்டை. இருபது மூட்டைதான் கண்டது என்றால் கால் பங்கு ஐந்து மூட்டையாகிவிடும். ஆனால் முன்கூட்டியே ஏழரை மூட்டை என்று பேசியிருந்தால் அதே குத்தகை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. போட்டி உள்ள நிலத்தில் பேசுகிற தொகைக்கும் இந்தக் கால் பங்குக்கும் தொடர்பே இருப்பதில்லை. போட்டி இல்லாத நிலத்தில் கால் பங்கும் கிடைப்பதில்லை.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். குத்தகைக்கு விட்டா நிலம் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

மூன்று தனித்தனிச் செய்திகளை ஒன்றாகக் கலந்து சொல்கிறார்கள். முதலாவது, பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தால் சொந்தமாகிவிடும் என்பது. அது உடைமையாளரின் உரிமையை மறுத்து, எதிரிடையாக அனுபவிப்பவரைப் பற்றிய விதி. குத்தகைக்காரர் உங்கள் அனுமதியோடு இருப்பவர். எத்தனை ஆண்டு உழுதாலும் அதனால் மட்டும் அவர் உடைமையாளர் ஆகிவிட மாட்டார்.

இரண்டாவது, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு. இது உண்மை. சாகுபடிக் குத்தகைதாரர் என்ற தகுதி உள்ளவரை, குத்தகை பாக்கி, நிலத்துக்குக் கேடு செய்தல், வேளாண்மை அல்லாத பயன்பாடு, உங்கள் உரிமையையே வேண்டுமென்று மறுத்தல் போன்ற காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது. பாக்கி இருந்தாலும் கட்டுவதற்கு வருவாய் நீதிமன்றம் தவணை கொடுக்கலாம். நிலம் உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் நினைத்தபோது கைக்கு வராது.

மூன்றாவது, 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். அதன்படி குத்தகைக்காரர் தம் பெயரைப் பதிவேட்டில் ஏற்றக் கோரலாம். அது குத்தகைக்குச் சான்றாகுமே தவிர உடைமை மாற்றம் ஆகாது. இந்த மூன்றையும் பிரித்துச் சொன்னதும் தொலைபேசியில் பேசுபவரின் குரல் கொஞ்சம் தணியும். இரண்டாவதைச் சொன்னபின் மறுபடியும் இறுகிவிடும்.

அதனாலதான் எதுவும் எழுதாம வாய்ப்பேச்சா வச்சிருக்கேன். அது பாதுகாப்புதானே?

இல்லை. குத்தகை ஒப்பந்தம் வெளிப்படையாக இருக்கலாம், நடத்தையால் விளங்குவதாகவும் இருக்கலாம் என்று சட்டமே ஏற்கிறது. தாள் இல்லாததால் குத்தகை இல்லை என்று ஆகிவிடாது. ஆண்டுதோறும் தை மாதம் ஜிபேயில் உங்களுக்குப் பணம் வருகிறது. அனுப்பியவர் அதன் கீழே ‘குத்தகை’ என்று எழுதியும் அனுப்புகிறார். ஒரு நோட்டுத்தாளில் எழுத அஞ்சுகிற பலர் இப்படி வங்கிக் கணக்கிலேயே ஐந்தாண்டுச் சான்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது தாமோ தம் குடும்பத்தாரோ உடலுழைப்பைச் செலுத்திப் பயிர் செய்பவரை. முப்பது ஏக்கர் பிடித்து, டிராக்டரையும் கூலியாள்களையும் மட்டும் வைத்து நடத்துபவர் அந்த வரையறைக்குள் வருவது கடினம். அதாவது சட்டத்துக்கு அஞ்சி உடைமையாளர்கள் ஏழைக் குத்தகைக்காரரைத் தவிர்த்து, சட்டம் காக்காத பெரிய கையைத் தேடிப் போகிறார்கள். எளியவரைக் காக்க வந்த சட்டம் குத்தகைச் சந்தையில் அவருக்கே தடையாக நிற்பதை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஆண்டுதோறும் பார்க்கிறேன். சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. குறுகிய காலக் குத்தகைக்கு இருவரும் அஞ்சாமல் கையெழுத்திடக்கூடிய ஒரு வழி அதனுள் இல்லை என்பதே குறை.

வருடா வருடம் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் பிரச்சினை வராது அல்லவா?

உங்களுக்கு வராமல் இருக்கலாம், நிலத்துக்கு வரும். அடுத்த ஆண்டு தமக்கு இல்லை என்று தெரிந்தவர் தொழுவுரம் அடிக்க மாட்டார். சித்திரையில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ மாட்டார். யூரியாவை மட்டும் வீசி அந்தப் பருவத்து நெல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வரப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சொந்தக்காரர் உழும் வயலில் வரப்பு ஒன்றரை அடி அகலத்தில், அண்டை வெட்டிச் சேறு பூசி, நண்டுவளை அடைக்கப்பட்டு, உளுந்தோ துவரையோ ஊன்றப்பட்டிருக்கும். மூன்று ஆண்டில் மூன்று பேர் உழுத வயலில் ஒவ்வொருவரும் மண்வெட்டியை வரப்பின் பக்கம் கொஞ்சம் சாய்த்திருப்பார்கள். கடைசியில் ஒருவர் ஒற்றைக் காலை வைத்து நடக்கும் அளவுக்கு அது மெலிந்திருக்கும். தண்ணீர் இரவோடு இரவாகப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். வயல் வாய்க்காலைத் தூர்வாரும் நாளில் அந்த வயலுக்கு யார் ஆள் அனுப்புவது என்று ஆண்டுதோறும் சண்டை வரும்.

காப்பீடு, கொள்முதல், கடன், பி.எம். கிசான்: இதெல்லாம் யாருக்கு? பட்டாக்காரருக்கா, உழுபவருக்கா?

ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. பி.எம். கிசான் என்ற ஒன்றிய அரசின் உழவர் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உடைமையாளருக்கு மட்டுமே, குத்தகைக்காரருக்கு இல்லை. உடைமையாளரும் வருமான வரி கட்டுபவராகவோ அரசுப் பணியாளராகவோ இருந்தால் பொதுவாக அவருக்கும் இல்லை. ஆகவே நகரத்தில் நல்ல வேலையில் இருப்பவரின் நிலத்துக்கு அந்தப் பணம் இருவரில் யாருக்கும் வருவதில்லை.

2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம். உணவுப் பயிருக்கு உழவர் கட்ட வேண்டிய பங்கு காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபியில் ஒன்றரை விழுக்காடு. சிக்கல் தாளில்தான். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில், அதாவது பயிர்ப் பதிவேட்டின் நகலில், பயிர் செய்பவராக யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே வழி. ஒரு பருவத்தில் ஒரே புல எண்ணுக்குக் குத்தகைக்கார அம்மா ஒருவர் இங்கே பிரீமியம் கட்டினார். நிலத்துக்காரரின் தம்பி அதே எண்ணுக்கு வேறு மையத்தில் கட்டியிருந்தார். இரண்டு பதிவும் சிக்கலில் மாட்டிக்கொண்டன. அந்த ஆண்டு பயிர் தண்ணீரில் மூழ்கியது, ஆனால் யாருக்கும் பணம் வரவில்லை. அதுமுதல் பதிவுக்கு முன் நிலத்துக்காரரை வாட்ஸ்அப்பில் ‘நான் கட்டவில்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்கிறேன்.

கொள்முதல் நிலையத்திலும் சிட்டாவும் (நில உடைமைப் பதிவு) அடங்கலும் கேட்கப்படும், பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். சில நிலத்துக்காரர்கள் தங்கள் கணக்குக்கு வரவழைத்துக் குத்தகையைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார்கள். நம்பிக்கை உள்ளவரை நடக்கும். கூட்டுறவுக் கடன் யார் பெயரில் இருக்கிறதோ, தள்ளுபடியும் அவருக்கே. 2021இல் தமிழ்நாட்டில் 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டபோது, வெளியாரிடம் வட்டிக்கு வாங்கி நட்ட குத்தகைக்காரருக்கு அதில் ஒன்றுமில்லை. ஆகவே குத்தகை பேசும்போது நிலத்தோடு அடங்கலையும் சேர்த்துப் பேச வேண்டும். அடங்கல் தருவதாகச் சொல்லும் நிலத்துக்காரருக்கு ஒரு மூட்டை கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை என்பது என் கணிப்பு.

நிலம் இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கு. நாங்க அஞ்சு பேர், அஞ்சு ஊர்ல. யார் குத்தகைக்கு விடறது?

கூட்டுப் பட்டா நிலத்தில்தான் குத்தகை மிகக் குறைவாகவும் தகராறு மிக அதிகமாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும் இந்துக் குடும்பங்களில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு. அது நியாயமானது, ஆனால் பங்கு பிரித்துப் பட்டா மாற்றாமலே ஊரைவிட்டுப் போனதால், ஓர் ஏக்கருக்கு ஐந்து கையெழுத்து வேண்டியிருக்கிறது. குத்தகைக்காரர் அண்ணனிடம் பணம் கொடுத்துவிட்டு வயலில் இறங்கினால் தங்கை தொலைபேசியில் தடுக்கிறார்.

பாகப்பிரிவினை இப்போதைக்கு முடியாதென்றால், ஒருவருக்கு மற்ற நால்வரும் குத்தகைக்கு விடும் அதிகாரத்தை எழுதிக் கொடுப்பது குறைந்தபட்ச வழி. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்டு அனுப்பலாம்.

என் வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்கார், நான்தான் இங்க எல்லாம் பார்க்கிறேன். குத்தகை பேச என்னை ஏன் மதிக்க மாட்டேங்கறாங்க?

உழைப்பு பெண்ணுடையதாகவும் பேச்சு ஆணுடையதாகவும் இருந்த பழக்கம் இன்னும் விடவில்லை. நாற்றங்காலிலிருந்து கொள்முதல் நிலையத்து வரிசைவரை நிற்பவர் நீங்கள். குத்தகை பேச மட்டும் ‘அவரை ஒரு தடவை பேசச் சொல்லுங்கம்மா’ என்பார்கள். காப்பீடும் அடங்கலும் உங்கள் பெயரிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய விடையொன்றில் சொன்ன உடலுழைப்பு வரையறையை வைத்துப் பார்த்தால், வயலில் இறங்குபவர் நீங்கள் என்பதே குத்தகையைத் தாங்கிப் பிடிக்கும் சான்று.

கோயில் நிலத்தை அப்பா குத்தகைக்கு வைத்திருந்தார். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். வேறொருவரைப் பயிர் செய்யச் சொல்லியிருக்கிறேன். தவறா?

ஆம், அபாயமும் கூட. கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களுக்கு 1961ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளை நிலச் சட்டம் தனியாக இருக்கிறது. கோயில் நிர்வாகங்கள் உள்குத்தகையை ஏற்பதில்லை. உழைப்பு உங்களுடையதாக இல்லாதபோது குத்தகைதாரர் என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். உங்களுக்காக உழுபவருக்கோ எந்தத் தாளும் இல்லை. கோயிலுக்குப் பழைய குறைந்த குத்தகையும், அவரிடமிருந்து இன்றைய சந்தைக் குத்தகையும் என்று நடுவில் நிற்கிறீர்கள்; அக்கிரகாரத்துக் காரியக்காரர் நின்ற அதே இடம்.

வம்பே வேண்டாம்னு தரிசாப் போட்டுட்டா?

உங்கள் வயல் ஒரு தீவு அல்ல. இரண்டு ஆண்டில் நாணலும் மூன்று ஆண்டில் சீமைக்கருவேலமும் வந்துவிடும். எலி அங்கே தங்கிப் பக்கத்து வயலில் மேயும். உங்கள் வயல் வழியாகத் தண்ணீர் போக வேண்டிய அடுத்த வயலும் தரிசாகும். பிறகு விற்க நினைத்தாலும் கருவேலத்தைப் பிடுங்கிச் சமன் செய்யும் செலவை வாங்குபவர் விலையில் கழிப்பார்.

மனை விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பும் தரிசுக்கு ஒரு காரணம். ஊரை ஒட்டிய சாலையோர நிலங்களில் குத்தகை வருமானத்தையும் நில விலையையும் ஒப்பிட்டால் குத்தகை சில்லறைக் காசாகத் தெரியும். விற்கும் நாளில் நிலம் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அங்கெல்லாம் குத்தகைக்கு விட மறுக்கிறார்கள்.

மற்ற இடங்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

2016இல் நிதி ஆயோக் ஒரு மாதிரி நிலக் குத்தகைச் சட்டத்தை முன்வைத்தது. உடைமையாளரின் உரிமைக்கு ஆபத்தில்லாமல் எழுத்துக் குத்தகையை அனுமதிப்பதே அதன் சாரம். ஆந்திரம் 2019இல் பயிர் செய்பவர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது: பதினொரு மாத ஒப்பந்தம், பயிர் செய்பவருக்கு ஓர் அட்டை, அதை வைத்துக் கடனும் காப்பீடும், உடைமை உரிமை தொடப்படாது. ஆனால் உடைமையாளர் கையெழுத்திட்டால்தான் அட்டை, அந்தக் கையெழுத்துக்குத் தயக்கம் அங்கேயும் இருக்கிறது. கேரளத்தில் 1970 முதல் புதிய குத்தகைக்கே தடை. இருந்தும் அம்மாநில அரசின் குடும்பஸ்ரீ திட்டத்துப் பெண்கள் குழுக்கள் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்துப் பயிர் செய்கின்றன.

சீனாவில் நிலம் கிராமக் கூட்டுடைமை. குடும்பத்துக்கு ஒப்பந்த உரிமை. ஆலைகளுக்குக் கோடிக்கணக்கானோர் போனபின், கூட்டுடைமை, ஒப்பந்த உரிமை, பயிர் செய்யும் உரிமை என்று மூன்றாகப் பிரித்து, கடைசியை மட்டும் பிறருக்கு விடலாம் என்று வகுத்து, 2018 திருத்தத்தில் சட்டத்திலும் எழுதினார்கள். நிலம் திரும்பி வரும் என்ற உறுதி கிடைத்தால் வெளியூர் போனவர் தயங்காமல் குத்தகைக்கு விடுகிறார் என்பது அங்கிருந்து நாம் கற்கக்கூடியது.

ஓய்வுபெற்றதும் ஊருக்கு வந்து நானே பயிர் செய்ய ஆசை. அப்போது நிலம் திரும்பக் கிடைக்குமா?

சட்டப்படி கேட்டால், சொந்தச் சாகுபடிக்காகத் திரும்பப் பெறும் வழி 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிபந்தனைகளோடு மட்டும் உண்டு; அதிலும் குத்தகைக்கு விட்டதில் பாதிக்கு மேல் கேட்க முடியாது. நடைமுறையில் பெரும்பாலான நிலங்கள் பேச்சில்தான் திரும்புகின்றன. 2020 ஊரடங்கில் வேலையிழந்து வந்த சிலர் அந்த வைகாசியிலேயே வயலைக் கேட்டார்கள்; அப்போது குறுவைக்கு நாற்றங்கால் விட்டாகிவிட்டது. எங்கள் ஊரில் உறவு முறிந்த இரண்டு வீடுகள் அந்த வாரத்தில் முறிந்தவை.

கேட்பதானால் சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் எடுத்தபின், கோடை உழவுக்கு முன் கேளுங்கள். ஓராண்டு முன்பே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. குத்தகைக்காரர் வேறு வயல் பார்த்துக்கொள்வார். அவர் போட்ட குழாய்க்கும் வெட்டிய வரப்புக்கும் என்ன தருவது என்பதை அதே உட்காரலில் பேசிவிடுங்கள். முழுவதையும் ஒரே ஆண்டில் எடுக்காமல் முதலில் மூன்று மாவை மட்டும் எடுத்துப் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்துச் சேற்றில் இறங்குபவருக்கு முதல் ஆண்டு நாற்று எங்கே வாங்குவது, எந்த மடையைத் திறப்பது என்று சொல்லிக்கொடுக்கப் போகிறவரும் அந்தக் குத்தகைக்காரர்தான்.